தப்பு நோட்டு

“ஷேடு தப்பிப் போச்சுன்னா கறுப்புக்குப் போட்டுக்கலாம். விடு தம்பி.”

1996ல் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மாஸ்டர் சொன்னது இது. எலுமிச்சை மஞ்சள் வரவேண்டிய துணி பச்சையோடிப் போய் விஞ்ச் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குக் கை நடுங்கியது. அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதன் சூட்சுமம் புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. எங்களுடையது ஜாப் ஒர்க் பட்டறை. பனியன் கம்பெனிக்காரர்கள் நிட்டிங் முடித்த துணியை அனுப்புவார்கள். பிளீச்சிங், டையிங் செய்து கொடுத்துவிட்டுக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவோம். துணி கெட்டால் அதன் விலையை எங்கள் கணக்கில் டெபிட் போட்டுவிடுவார்கள். ஷேடு கொஞ்சம் கீழே நின்றால் சாயத்தை இன்னும் சிறிது கரைத்து ஊற்றலாம். அதற்கு அடிஷன் என்று பெயர். மேலே போய்விட்டால் ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைப் போட்டுச் சாயத்தை உரிக்க வேண்டும். உரித்தால் துணி நைந்துவிடும். ஆனால் ஒரே ஆர்டரில் நான்கைந்து நிறங்கள் இருக்கும், அதில் கறுப்பு பெரும்பாலும் இருக்கும். கறுப்புக்கென்று வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து மஞ்சளுக்குப் போடுவோம். தப்பிய மஞ்சள், கறுப்புக்குப் போய்விடும். பார்ட்டிக்குத் தெரியாது. எடை சரி, நிறம் சரி. பில்லில் மஞ்சள் ஒன்று, கறுப்பு ஒன்று. இரண்டு தடவை செலவான சாயமும் நீராவியும் தண்ணீரும் எந்தப் பேரேட்டிலும் தப்பு என்று ஏறாது.

பட்டறையின் மேற்கு மூலையில் ஈரத்துணி மூட்டைகள் எப்போதும் கிடக்கும். “கறுப்பு வெயிட்டிங்” என்று அந்த இடத்துக்கே பெயர் வந்துவிட்டது.

நானும் அந்த மூலைக்கு ஒரு லாட் அனுப்பியிருக்கிறேன். 1998ல், ஒரு நைட் ஷிப்ட்டில். பிஸ்கட் நிறம், 300 கிலோ. சீட்டில் சிவப்புச் சாயம் 130 கிராம் என்று நானே எழுதியிருந்தேன். தராசில் நிறுத்தது 310. தூக்கக் கலக்கம்தான், வேறொன்றுமில்லை. ஹெல்ப்பர் பையன் அதை வாங்கிக்கொண்டு போய்க் கரைத்து ஊற்றினான். தேனிப் பக்கத்திலிருந்து வந்தவன், பதினெட்டு வயது இருக்கும். விடிகாலையில் துணி செங்கல் நிறத்தில் நின்றது. சாய டப்பாவின் மிச்சத்தை நிறுத்துப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மாஸ்டர் வந்தார், துணியைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். “வேற பக்கெட்ட எடுத்து ஊத்திட்டான்” என்றார். பையன் இல்லை என்று தலையாட்டினான். நான் வாயைத் திறக்கவில்லை. அவனுடைய அந்த வாரக் கூலியில் பிடித்தம் செய்தார்கள். அடுத்த வாரம் அவன் வரவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு லாட்டின் முனையிலும் பாலியஸ்டர் நூலால் லாட் எண்ணைத் தைத்துவிடுவோம். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் பாலியஸ்டரில் ஏறாது. எத்தனை முறை முக்கினாலும் எண் வெள்ளையாகவே நிற்கும். அந்த லாட் கறுப்பாகி வந்தபோது முனைத்துண்டை வெட்டி என் டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். எதற்கென்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயக்குளியலில் இரண்டு விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தே சோடா போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். கணக்கெல்லாம் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டில். அதைத் தொட்டால் கையை உடைத்துவிடுவார் என்று பேச்சு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நோட்டுதான் அவருக்குச் சொத்து. அதை முதலாளியின் மேசையில் வைத்தால் மறுமாதமே பாதிச் சம்பளத்துக்கு ஆள் கிடைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். சொல்லிக்கொடுப்பவனுக்கு நட்டம் என்று இருக்கிற இடத்தில் எவன் சொல்லிக்கொடுப்பான்?

2001ல் வேறொரு பட்டறையில் கூடக் கொடுக்கிறார்கள் என்று இரண்டு ஹெல்ப்பர்களையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பின்னான மூன்று மாதங்களை நான் மறக்க முடியாது. லாட் சீட்டுகளில் எழுதிய ரெசிப்பி எங்களிடம் இருந்தது. சாயம் அதே கம்பெனி, மெஷினும் அதே. ஆனால் வெளிர் நிறங்கள் எல்லாம் திட்டுத்திட்டாகவும் வெளுத்தும் வந்தன. சாயம் விற்றவரோடு சண்டை போட்டோம். நூலைக் குறை சொன்னோம். கடைசியில், மாஸ்டரிடம் முன்பு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் போகிறபோக்கில் கேட்டார்: “பிளீச்சிங் முடிஞ்சு அந்த ரெண்டாவது சுடுதண்ணி உடறீங்களா இல்லியா?”

விடவில்லை. ரெசிப்பியில் அது இல்லையே. பிளீச்சிங்குக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு போடுகிறோம். அது துணியில் மிச்சம் இருந்தால் பின்னால் ஊற்றும் சாயத்தைத் தின்றுவிடும். மாஸ்டர் கூடுதலாக ஒரு முறை வெந்நீர் விட்டு அலசிக்கொண்டிருந்திருக்கிறார். அதை மறைத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. வருடக்கணக்காகக் கை செய்துவந்த வேலை, எழுத வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்காது. மூன்று மாத நட்டத்துக்கு விலை ஒரு வெந்நீர் அலசல்.

முதலாளியின் மகள் பட்டறைக்கு வந்தது 2003ல். பி.காம் முடித்திருந்தார். வீட்டில் அம்மிணி, எங்களுக்கு மேடம். வயதில் மூத்தவர்களை எல்லாம் அண்ணா என்றுதான் அழைப்பார். சாயம் பற்றி ஒன்றும் தெரியாது. அதுதான் நல்லதாகப் போயிற்று என்று இப்போது நினைக்கிறேன். எங்களுக்குக் கேட்கத் தோன்றாததை அவர் கேட்டார். சாயக் கிடங்கின் இருப்பு நோட்டையும் லாட் சீட்டுகளையும் அருகருகே வைத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்ண்ணா, சீட்டுப்படி செலவாகியிருக்க வேண்டிய சாயத்தவிட நெறையப் போயிருக்குதே. எங்கே போகுது?”

திருட்டு என்று நினைத்திருந்தால் அவர் போலீசுக்குப் போயிருக்க வேண்டும். நான் மேற்கு மூலையைக் காட்டினேன்.

அவர் ஒரு கரும்பலகை மாட்டினார். லாட் எண், ஷிப்ட், எத்தனை அடிஷன், ஏன். முதல் மாதம் பலகை துடைத்து வைத்தாற்போல இருந்தது. நைட் ஷிப்ட்டில் தப்பே இல்லை. ஆனால் சாய இருப்பு மட்டும் பழையபடியே கரைந்தது. அடிஷனுக்கு அபராதம் உண்டு என்று முதலாளி ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். எவன் எழுதுவான்? மூன்றாவது மாதம் அம்மிணி அப்பாவோடு வாதாடி அபராதத்தை எடுத்தார். எழுதிய தப்புக்குப் பிடித்தம் இல்லை, எழுதாமல் விட்டது தெரிந்தால்தான் பிடித்தம்.

மறுமாதம் பலகை நிரம்பி வழிந்தது. முதலாளிக்குக் கோபம். “நீ வந்தப்புறம் தப்பு கூடிப் போச்சே அம்மிணி.”

“கூடலீங்ப்பா. இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுது.”

பிற்பாடு என் மகன் எம்.பி.ஏ. படிக்கப் போனபோது அவனுடைய புத்தகங்களைப் புரட்டினேன். அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து மாற்றிக் கொடுக்கும் தவறுகளை ஆராய்ந்தாராம். நல்ல செவிலியர் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், கணக்கில் அங்கேதான் கூடுதலாக இருந்ததாம். அந்தக் குழுக்களில் பயமில்லாமல் சொல்கிறார்கள், மற்ற இடங்களில் மறைக்கிறார்கள் என்பது பிறகுதான் அவருக்குப் புலப்பட்டிருக்கிறது. படித்ததும் எனக்கு எங்கள் கரும்பலகையின் அந்த மாதம்தான் நினைவுக்கு வந்தது. அம்மிணி இதையெல்லாம் படித்தவர் அல்ல. கணக்கு உதைத்தது, கேட்டார்.

பலகை சொன்ன சங்கதிகள் விநோதமானவை. திங்கட்கிழமைக் காலை லாட்டுகள் மற்ற நாட்களைவிட அதிகம் தப்பின. ஏன் திங்கள்? ஞாயிறு லீவு, தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னருக்கு உப்பேற்ற ஆளில்லை. காலையில் கடின நீர் அப்படியே மெஷினுக்குள் போய்க்கொண்டிருந்தது. எத்தனை வருடமாக என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. இன்னொன்று: லேபில் மாதிரி போடுவது காய்ச்சி வடித்த நீரில், மெஷினில் ஊற்றுவது லாரித் தண்ணீர். லேப் டிப் எனும் அந்த மாதிரி பையருக்குப் பிடித்துப் போய், பெரிய லாட் தப்பிவிடும். அன்றிலிருந்து மெஷின் குழாயில் பிடித்த தண்ணீரிலேயே மாதிரி போட்டேன். காசு செலவில்லாத மாற்றம், ஒரு பிளாஸ்டிக் குடம் தவிர.

டர்காய்ஸ் நீலம் எப்போதும் எங்களுக்குத் தொல்லை. நாங்கள் எல்லாச் சாயத்தையும் 60 டிகிரியில் போடுவோம். மெஷினில் 60 என்று வைத்துவிட்டால் கூடினால் ஆவியை அடைக்கும், குறைந்தால் திறக்கும். டர்காய்ஸ் கீழே நிற்கும், அடிஷன் போடுவோம், மறுபடி நிற்கும், மறுபடி போடுவோம். அந்தச் சாயத்தின் மூலக்கூறு பெரியது. 80 டிகிரி கேட்கும் வகை. சாயக் கம்பெனியின் அட்டையிலேயே அச்சிட்டிருந்தது. கிறிஸ் ஆர்கிரிஸ் என்பவர் 1977ல் எழுதிய கட்டுரையில் இதே போன்ற உதாரணத்தைத்தான் சொல்கிறார் என்று மகன் காட்டினான். வைத்த சூட்டைக் காப்பாற்றுவது ஒரு வகைக் கற்றல். அந்தச் சூடுதான் சரியா என்று கேட்பது இன்னொரு வகை. பெரும்பாலான நிறுவனங்கள் முதலாவதிலேயே நின்றுவிடுகின்றன என்கிறார். அவர் சொன்னது சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். எங்களிடம் டர்காய்ஸ்.

2005 ஜனவரியில் ஏற்றுமதிக் கோட்டா முறை முடிந்து ஊரெங்கும் ஆர்டர் குவிந்தபோது பக்கத்துப் பட்டறைகள் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்க ஓடின. நாங்கள் ஒன்றும் வாங்காமலேயே முன்பைவிடக் கூடுதல் லாட் இறக்கினோம். தப்பைத் திருத்திக்கொண்டிருந்த மெஷின்கள் புதுத் துணிக்குக் கிடைத்தன. மேற்கு மூலை காலியாகி, அங்கே சைக்கிள் நிறுத்தத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் எங்களைக் கெட்டிக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எங்களிடம் கறுப்பைவிடப் பெரிய மூலை ஒன்று இருந்தது. நொய்யல் ஆறு.

சாயம் பருத்தியில் ஏற உப்பு வேண்டும். உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணிக்குத் தள்ளிவிட்டு அவ்வளவும் சாக்கடைக்குப் போகும். விஞ்ச்சில் ஒரு கிலோ துணிக்கு 20 லிட்டர் தண்ணீர். 300 கிலோ லாட் என்றால் 6,000 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் 360 கிலோ. துணியின் எடையைவிட உப்பின் எடை கூடுதல். இந்தக் கணக்கை அப்போது நான் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. உப்பு மலிவு, ஆறு இலவசம்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். என் தாய்மாமன் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. பாசனத்துக்கென்று 1992ல் கட்டி முடித்த அணையில் சாயத்தண்ணீர் தேங்கி நின்றது. அவர் கிணற்றுத் தண்ணீரில் டீ வைத்தால் பால் திரியும். பொங்கலுக்குப் போனால் அத்தை என் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு, “உங்க பட்டறைத் தண்ணிதான், குடி சாமி” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நான் திரும்பி வந்து திங்கட்கிழமை லாட்டைக் கவனிப்பேன். பட்டறைக்குள் நடந்த தப்பைத் தேடித் தேடிப் பிடித்தவர்களுக்கு மதகுக்கு வெளியே போனது தப்பாகவே படவில்லை. பலகையில் அதற்குக் கட்டம் இல்லை.

விவசாயிகள் வழக்காடினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று 2006ல் சென்னை உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. 2009ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கெடுவை எப்படித் தள்ளுவது என்பதில்தான் ஊரின் மூளை செலவானது. 2011 ஜனவரி 28 அன்று அத்தனை சாய, சலவைப் பட்டறைகளையும் மூட உத்தரவு வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்டவை. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்கள். பாய்லர் குளிர்ந்து நான் பார்த்ததே இல்லை. மார்ச்சில் கை வைத்துப் பார்த்தேன். பலர் ஊர் திரும்பினார்கள். நான் எட்டு மாதம் மளிகைக் கடையில் கணக்கு எழுதினேன்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் படிப்படியாகச் சரியாகி மறுபடி ஓடத் தொடங்கியபோது, வேறு உலகமாக இருந்தது. எங்கள் கழிவுநீர் குழாயில் நிலையத்துக்குப் போகும். சவ்வூடு வடித்து நல்ல தண்ணீராகத் திரும்பி வரும். மிஞ்சிய உப்புக் கரைசலைக் காய்ச்சிக் குளிரவைத்து கிளாபர் உப்பையும் எடுத்து எங்களுக்கே கொடுத்தார்கள். விட்டது அனைத்தும் எங்கள் வாசலுக்கே திரும்பியது.

முதல் மாதமே அடி. அடர் நிறங்கள் எல்லாம் பாதியில் நின்றன. பழைய ரெசிப்பிப்படிதான் உப்பு போட்டோம். சாஃப்ட் ஃப்ளோ மெஷினுக்கு மாறியிருந்தோம். 300 கிலோவுக்கு 2,100 லிட்டர், உப்பு 126 கிலோ. அந்த வாரம் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஒரு இன்ஜினியர் போன் செய்தார். “உங்க லைன்ல கலர் ரொம்ப ஜாஸ்தி வருதுங்களே, என்ன பண்றீங்க?” பதினைந்து வருட சர்வீசில் எங்கள் கழிவுநீரைப் பற்றி என்னிடம் ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல்முறை. ஆறு போன் செய்யாது.

சாயம் துணியில் ஏறாமல் தண்ணீரிலேயே நிற்கிறது என்றால் உப்பு போதவில்லை. ஆனால் நிறுத்துத்தானே போட்டோம்? அம்மிணிதான் இரண்டு உப்பையும் மேசையில் வைக்கச் சொன்னார். முன்பு கடையில் வாங்கியது மாவுபோல உலர்ந்தது. நிலையத்திலிருந்து வந்தது கண்ணாடிக் கற்கள்போல. இரும்புக் கரண்டியில் போட்டு ஸ்டவ்வில் காட்டினேன். கற்கள் உருகித் தண்ணீராகி, கொதித்து, கடைசியில் வெள்ளைத்தூள் கொஞ்சம் மிஞ்சியது. கிளாபர் படிகம் தன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீரைக் கட்டிக்கொண்டு இருக்கும். 100 கிலோவில் உண்மையான உப்பு 44 கிலோ. 126 கிலோ போட்டதாக நினைத்து 55 கிலோதான் போட்டிருக்கிறோம். பிளஸ் டூ வேதியியலில் நான் மனப்பாடம் செய்த சங்கதி. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

அன்றிலிருந்து உப்பைத் தராசில் மட்டும் நம்புவதில்லை. குளியலில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் சாயம். சுத்திகரிப்புச் செலவு கிலோவுக்கு ரூபாய்க் கணக்கில் தலைமேல் ஏறியதால் ஒரு அலசல் குறைத்தாலும் அது லாபம். நதியில் கொட்டிய காலத்தில் தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சொன்னால் பைத்தியம் என்றிருப்போம். நல்லவர்களாகிவிட்டோம் என்று நான் எண்ணவில்லை. போட்டால் திரும்பி வராத மூலை இருக்கும்வரை நாங்கள் ஒன்றையும் தெரிந்துகொள்ளவில்லை. அந்த மூலையை அடைக்க ஒரு நீதிமன்றமும், அணைக்குக் கீழே இருந்தவர்களின் பல வருடப் பட்டினியும் தேவைப்பட்டன. மாமன் தோட்டத்துத் தென்னைகள் அதற்குள் மொட்டையாகிவிட்டிருந்தன.

கரும்பலகையை அழித்தால் போய்விடுகிறது என்று தப்பு நோட்டு ஒன்று போட்டோம். நீளமான பேரேடு. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு பக்கம்: துணித்துண்டு ஒட்டி, தேதி, காரணம், என்ன செய்தோம், யார். தமிழில் எழுதினோம். பத்து வருடத்தில் மெஷின் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் ஒடிசா, பீகார்க்காரர்களாக மாறிவிட்டார்கள். அவர்களுக்கு அந்த நோட்டு வெறும் துணித்துண்டு ஆல்பம். 2020ல் ஊரடங்கின்போது அவர்கள் கூட்டம் கூட்டமாய்க் கிளம்பிப் போய், பிறகு வந்தவர்களில் பலர் புது முகங்கள். இரண்டாவது சுடுதண்ணீர் மறுபடி விட்டுப்போயிற்று. 2001ல் தப்பியது போலவே வெளிர் நிறங்கள் தப்பின. நோட்டில் 7ஆம் பக்கத்திலேயே இருந்தது. அதன்பின் காரணம் எழுதும் இடத்தில் படம் வரைகிறோம்: வெந்நீர் என்றால் ஆவி எழும் வாளி, உப்பு என்றால் மிதக்கும் ஹைட்ரோமீட்டர். என் ஓவியத்தைப் பார்த்து அம்மிணி சிரிப்பதுண்டு.

சென்ற வருடம் ஒரு இரவு, ஒடிசாப் பையன் ஒருவன் லேப் கதவைத் தட்டினான். கையில் கரைத்த சாய வாளி. “சார், கல்தி” என்றான், தப்பு என்று இந்தியில். சாயத்தைத் தப்பாக நிறுத்துவிட்டதாக விரலால் எண்ணைத் திருப்பிக் காட்டினான். இன்னும் ஊற்றவில்லை. வாளியைக் கீழே வைக்கச் சொன்னேன். வேறு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவன் போகாமல் நின்றான். பிடித்தம் உண்டா என்று கேட்க நிற்கிறான் என்று புரிந்தது.

தப்பு நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன். நோட்டு போட்ட அன்று டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து நான் ஒட்டிய துண்டு. 1998, பிஸ்கட் நிறம், 300 கிலோ, 130க்குப் பதில் 310. யார் என்ற கட்டத்தில் என் பெயர். தேனிப் பையனின் பெயரை எழுத நினைத்தேன், அது எனக்கு நினைவில்லை.

பையனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கறுப்புத் துணியைத் தடவிப் பார்த்தான். நடுவில் வெள்ளையாக நின்ற தையலை விரலால் தொட்டு, ஒவ்வொரு எண்ணாக வாசித்தான்.